எந்த மீட்டரில் இழுவை விடுகிறது? பட்டறையில் கட்டிய டிராக் பைக்குக்குப் பிழை நீக்கும் வழிமுறை

டிராக் பந்தயம் (drag race) என்றால் நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், யார் சீக்கிரம் ஓடி முடிப்பது என்பது. சென்னைப் புதுப்பேட்டையில் பொறுக்கிய பாகங்களையும் ஜி.பி. ரோட்டில் வாங்கிய பிஸ்டனையும் வைத்து நாம் கட்டுகிற டூ ஸ்ட்ரோக் வண்டி அந்தத் தூரத்தை ஓடி முடிக்கப் பதினைந்து வினாடிகூட ஆகாது. அதற்குள் எங்கோ ஓரிடத்தில் வண்டி சோர்ந்துபோகிறது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நமக்கு "இழுக்கலை" என்பது மட்டும்தான் தெரியும். திரும்பி வந்ததும் பிளக்கைக் கழற்றுவோம், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட்டை மாற்றுவோம், பொறி விழும் நேரமான டைமிங்கையும் கொஞ்சம் தள்ளி வைப்போம். அடுத்த ஓட்டம் இன்னும் மோசமாகும். எதனால் மோசமானது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

1989-ல் ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-ஐப் பிரித்துப் போட்டதில் தொடங்கிய பழக்கம் எனக்கு. 98 சி.சி., 50 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ், கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ் போன்ற ரீட் வால்வு. இவ்வளவு எளிமையான இன்ஜின் கைக்குக் கிடைத்தது என் தலைமுறையின் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு 58 மில்லிமீட்டர் போர் உள்ள ஆர்எக்ஸ் 135, அதிலிருந்து 165 சி.சி. வரை என்று போய்க்கொண்டே இருந்தேன். இத்தனை வருடத்தில் கற்றதில் முதலாவது: கோளாறு எது என்று கேட்கும் முன் எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். அதனால் கீழே உள்ள கோளாறுகளை வண்டி ஓடும் வரிசையில், கோட்டுக்கு முன்னாலிருந்து கோட்டுக்கு அப்பால் வரை எழுதியிருக்கிறேன்.

இது முழுக்க ஓடுதளத்துக்கான வண்டியைப் பற்றியது. சோதித்துப் பார்க்கக்கூடச் சாலையில் எடுத்துப்போகாதீர்கள். ஸ்டாண்டில் பார்க்க முடிந்ததைப் பட்டறையில் பாருங்கள், மற்றதை அனுமதி பெற்ற ஓடுதளத்தில் பாருங்கள்.

முதலில் நேரச் சீட்டு

முழு வசதியுள்ள ஓடுதளத்தில் கால் மைல் ஓடினால் 60 அடி, 330 அடி, 660 அடி, 1000 அடி, 1320 அடி என்று ஐந்து இடத்து நேரமும் ஒரு சீட்டில் வரும். மீட்டரில் சொன்னால் 18, 100, 201, 305, 402. நோயாளியின் காய்ச்சல் அட்டை மாதிரி இது. 60 அடி நேரம் கெட்டு, அதற்குப் பிறகு எல்லா இடைவெளியும் வழக்கம்போல் இருந்தால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். கோளாறு கிளட்சிலோ டயரிலோ ஓட்டுபவரின் கையிலோதான். 60 அடி நன்றாக இருந்து 660-க்கு அப்புறம் தேய்ந்தால் பெட்ரோல், சூடு, கியரிங் இந்த மூன்றில் ஒன்று.

சீட்டு இல்லாத இடமா? 18, 100, 200 மீட்டரில் கூம்பு வையுங்கள். நண்பர் ஒருவர் நடுவில் தள்ளி நின்று போனில் படம் எடுக்கட்டும். வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 0.017 வினாடி, நம் வேலைக்கு அது போதும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஜெட் எண், பிளக் எண், டயர் காற்று, மணி, வெயில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான். அப்புறம் இன்னொன்று: நேற்று நன்றாக ஓடிய வண்டி இன்று ஓடவில்லை என்றால், நடுவில் கடைசியாக உங்கள் கை பட்ட இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கிக்கர் அடித்தும் பற்றவில்லை

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியில்தான் குறை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்தும் பொறி நன்றாகவும் இருந்து பற்றவில்லை என்றால் மேக்னெட் சக்கரத்தைக் கிராங்கோடு பூட்டும் சிறு உலோகச் சாவி நறுக்கென்று வெட்டுப்பட்டு டைமிங் நகர்ந்திருக்கலாம். ரேஸ் இன்ஜினில் இது அடிக்கடி நடக்கும். நட்டை மட்டும் இறுக்கிவிட்டுக் கிராங்கின் கூம்பு முனையைத் துடைக்காமல் விட்டால் வரும் வினை. இதற்கு மேல் இந்தப் பகுதியில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆக்சிலேட்டரை விட்டும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்குகிறது

இதை வெறும் ஐடில் தொல்லை என்று நினைத்து ஓட்டப் போகாதீர்கள். பெரும்பாலும் எங்கிருந்தோ கூடுதல் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். காற்று கூடினால் கலவையில் பெட்ரோல் போதாமல் லீன் ஆகும், லீன் ஆனால் முழு முறுக்கில் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் ஒட்டிப் பூட்டிக்கொள்ளும், அதாவது சீஸ் ஆகும். வரப்போகும் பெரிய செலவை வண்டி முன்கூட்டியே சொல்லும் இடம் இது.

முதலில் கார்புரேட்டரின் ரப்பர் மேனிஃபோல்டு. கையால் வளைத்தால் வெடிப்பு தெரியும். அடுத்து ரீட் பெட்டியின் கேஸ்கெட், சிலிண்டர் அடி கேஸ்கெட். கடைசியாகக் கிராங்கின் இரண்டு ஆயில் சீல்கள். ஆர்எக்ஸில் இடப்பக்கம் மேக்னெட், வலப்பக்கம் கிளட்ச். இடப்பக்க சீல் போனால் காற்று இழுக்கும், ஆர்பிஎம் தொங்கும். வலப்பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுக்கும். வெள்ளைப் புகை ஓயாது, புகையில் ஆயில் கருகிய நெடி தனியாகத் தெரியும், கியர் பெட்டியில் ஆயில் அளவு காரணமில்லாமல் குறையும்.

ஊகிக்க வேண்டாம், அழுத்திப் பாருங்கள். எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் அடைப்பு வைத்து மூடி, பிளக் துளை வழியாகச் சின்னக் கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். ஒரு நிமிடத்தில் 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வருமிடத்தில் ஓட்டை. இதற்குத் தேவையான அடைப்புகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் லேத்தில் கடைந்துவிடலாம். இன்ஜினைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் நான் இதைச் செய்கிறேன். செய்யாமல் விட்ட முறைகளுக்குப் பிஸ்டன் விலை கொடுத்திருக்கிறேன்.

கோட்டருகே வண்டி தானாக முன்னால் நகர்கிறது

தொடக்கக் கோட்டில் இரண்டு ஒளிக்கதிர்கள் குறுக்கே போகும். முதலாவது நெருங்கிவிட்டீர்கள் என்று சொல்லும், அடுத்தது நின்றாயிற்று என்று சொல்லும். இரண்டுக்கும் இடைவெளி ஏழு அங்குலம்தான். கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆர்பிஎம் ஏற்றும்போது வண்டி ஊர்ந்தால் கதிரைத் தாண்டிச் சிவப்பு விளக்கு வாங்கிவிடுவீர்கள்.

கேபிளில் தளர்வு (ஃப்ரீ ப்ளே) சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளட்சைத் திறங்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள், நுழைந்தால் வளைந்துவிட்டது. கிளட்ச் கூடையின் விரல்களில் பிளேட் காது மோதி மோதிப் பள்ளம் விழுந்திருக்கும், பிளேட் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு விலகாது. லேசாக அரம் போட்டுச் சமப்படுத்தலாம், ஆழமாக இருந்தால் கூடையை மாற்றத்தான் வேண்டும். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்கம் கூட்டுவது நம் பட்டறைகளின் பழைய வழக்கம். அளந்து போடுங்கள். கிளட்சைப் பிடிக்கும்போது சுருளோடு சுருள் முட்டிவிட்டால் பிளேட்டுகள் முழுதாக விலகாது, ஊர்தல் அங்கிருந்துதான் வரும்.

பச்சை விழுந்ததும்: அமுங்கல், சுழல், தூக்கல்

மூன்றுமே முதல் 18 மீட்டரில் வரும். மூன்றுக்கும் மருந்து வேறு, அதனால் எது என்று சரியாகச் சொல்லப் பழகுங்கள். இங்கே இழந்த நேரம் கடைசிக் கோட்டில் வட்டியோடு சேர்ந்து தெரியும்.

வண்டி "வ்வ்வூம்" என்று அமுங்கி, அரை வினாடி கழித்துத் திடீரென்று பாய்ந்தால் அது அமுங்கல். சிலிண்டரில் புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டை அரம் போட்டு உயர்த்தும்போது பவர் முழுவதும் மேல் ஆர்பிஎம்முக்குப் போய்விடுகிறது, கீழே ஒன்றும் மிச்சமில்லை. கிளட்சை விட்டதும் ஆர்பிஎம் பவர் இருக்கும் இடத்துக்குக் கீழே விழுகிறது. பலர் உடனே ஸ்லோ ஜெட்டை மாற்றுகிறார்கள், அது அநேகமாக வீண் வேலை. கிளம்பும் ஆர்பிஎம்மை 500, 500 ஆகக் கூட்டிப் பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பாருங்கள்.

பிறகு, பலர் கவனிக்காத ஒன்று: எக்ஸ்பான்ஷன் சேம்பரின், அதாவது டூ ஸ்ட்ரோக்கின் கூம்பு வடிவ சைலன்சரின், சூடு. சேம்பர் வேலை செய்வது ஒலி அலையால். சிலிண்டரிலிருந்து கிளம்பும் அழுத்த அலை பின் கூம்பில் மோதித் திரும்பி வந்து, வெளியே தப்பிய புதுக் கலவையை போர்ட் மூடும் முன் உள்ளே தள்ளுகிறது. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இஸட் கம்பெனியில் வால்டர் காடன் இந்த அலையை வசப்படுத்தி, 1961-க்குள் 125 சி.சி. இன்ஜினில் 25 குதிரைத்திறன் எடுத்தார். அவருடைய ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர் அதே ஆண்டு நாட்டை விட்டு வெளியேறிச் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகிக்கு 50 சி.சி. உலகப் பட்டம். நாம் தகரத்தை வெட்டிக் கூம்பு சுருட்டி வெல்டு வைக்கும் ஒவ்வொரு சைலன்சரும் அந்த மனிதருக்குக் கடன்பட்டது.

அலையின் வேகம் வாயுவின் சூட்டைப் பொறுத்தது. சேம்பருக்குள் சராசரி வெப்பம் 300 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்குப் போனால் ஒலியின் வேகம் 16 சதவீதம் கூடும். அப்படியென்றால் சேம்பர் உதவிக்கு வரும் ஆர்பிஎம்மும் அதே அளவு மேலே நகரும். நம் ஓட்டம் பதினைந்து வினாடி. சேம்பர் சூடாவதற்குள் பாதித் தூரம் போய்விடும். வரிசையில் பத்து நிமிடம் இன்ஜினை அணைத்து நின்றுவிட்டு நேரே கோட்டுக்குப் போனால், கணக்குப் போட்டுக் கட்டிய சேம்பர் வேறொரு சேம்பராக இருக்கிறது. டயரைச் சுழற்றிச் சூடாக்கும் அந்தச் சில வினாடிகள் சேம்பருக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே அளவு நேரம் சுழற்றுங்கள். ஒருநாள் மூன்று வினாடி, மறுநாள் எட்டு வினாடி என்றால் நோட்டில் எழுதிய எண்களுக்குப் பொருளே இல்லை.

அடுத்து, பின்சக்கரம் சுழல்வது. டயரில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள், ஆனால் டியூப் போட்ட சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் வால்வைப் பாருங்கள். நேராக நிற்க வேண்டிய வால்வு சாய்ந்திருந்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கி டியூபை இழுத்துக்கொண்டு போகிறது. இன்னும் இரண்டு ஓட்டத்தில் வால்வு கிழிந்து காற்று மொத்தமாக இறங்கும். ரிம்மில் டயரைப் பிடிக்கும் பூட்டுத் திருகாணி போட்ட பிறகுதான் காற்றை மேலும் குறைக்க வேண்டும்.

முன்சக்கரம் தூக்கினால் அது கணக்கு. வண்டியும் ஆளும் சேர்ந்த எடைமையம் பின் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இந்த இரண்டின் விகிதம்தான் எல்லை. 700 மில்லிமீட்டர் முன்னால், 650 உயரம் என்றால் புவியீர்ப்பைப்போல் 1.08 மடங்கு வேகவளர்ச்சி வந்ததும் முன்சக்கரம் எழும்பும். ஸ்விங் ஆர்மை நீட்டி 830 ஆக்கி, ஃபோர்க்கைப் பட்டையால் இழுத்துக் கட்டி, சீட்டைத் தாழ்த்தி 550-க்குக் கொண்டுவந்தால் எல்லை 1.5. தூக்குகிறதே என்று ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டுவதைவிட இந்த உலோக வேலை எவ்வளவோ மேல். ஸ்விங் ஆர்ம் வெல்டைத் தெரிந்த கையிடம் கொடுங்கள். நீட்டிய பிறகு செயின் நேர்கோட்டை நூல் பிடித்துப் பாருங்கள்.

கிளம்புவதைப் பற்றிப் பேசும்போது மிச்சிகனைச் சேர்ந்த ஈ.ஜே. பாட்டர் எப்போதும் நினைவுக்கு வருவார். 1960 வாக்கில் ஒரு செவர்லே வி8 கார் இன்ஜினை மோட்டார் சைக்கிளில் பொருத்தியவர். அவர் வண்டியில் கிளட்ச் கிடையாது. பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்து முழு வேகத்தில் சுழலவிட்டு, அப்படியே ஸ்டாண்டிலிருந்து தள்ளி இறக்கிக் கிளம்புவார், டயர் புகைந்துகொண்டே போகும். பின்பற்ற வேண்டிய முறை அல்ல அது. ஆனால் வீட்டுக் கொட்டகையில் ஒரு மனிதன் எதையெல்லாம் கட்டி ஓட்டிவிட முடியும் என்பதற்கு அவர்தான் எனக்கு அளவுகோல்.

சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. இரண்டாவது, மூன்றாவது கியர் போட்ட கணத்தில் ஆர்பிஎம் இறங்காமல் அதே இடத்தில் அலறினால் சந்தேகமே வேண்டாம். ஸ்டீல் பிளேட்டில் நீலம் பூத்திருக்கும், ஆயிலை முகர்ந்தால் கருகல். ஃபிரிக்ஷன் பிளேட்டின் தடிமனை அளங்கள், ஸ்பிரிங்கின் தனி நீளத்தையும் அளங்கள். கார் இன்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அதில் உள்ள வழுக்கும் சேர்மங்கள் ஆயிலில் நனைந்த கிளட்சுக்கு ஆகாது.

நடுவில் இருமுகிறது, தட்டுகிறது

இங்கேதான் அதிகமான பணம் வீணாகிறது. பொறியை இயக்கும் சிடிஐ பெட்டியை மாற்றுவார்கள், காயில் மாற்றுவார்கள், கார்புரேட்டரையே மாற்றுவார்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: ஒவ்வொரு முறையும் அதே ஆர்பிஎம்மிலா, அதே தூரத்திலா?

எந்தக் கியரிலும் ஒரே ஆர்பிஎம் தொட்டதும் தட்டினால் பொறி. மேக்னெட் காயில், சிடிஐ, பிளக் கேப், பிளக் இடைவெளி என்று வரிசையாகப் போங்கள். ரீட் இதழின் முனை உடைந்திருந்தாலும் மேல் ஆர்பிஎம்மில் இப்படிக் கெடும்; பெட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் இதழுக்கடியில் கோடாக வெளிச்சம் தெரியும்.

கியர் எதுவானாலும் ஏறக்குறைய அதே தூரத்தில் மூச்சு விட்டால் பெட்ரோல். காரணம் இதுதான். கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்த நிலையில் கிளம்புகிறோம். பெட்ரோல் டேப்பிலிருந்து வருவது செலவைவிடக் குறைவாக இருந்தாலும் கிண்ணத்தில் உள்ள இருப்பு முதல் சில வினாடிகளை ஓட்டிவிடும். இருப்பு தீர்ந்ததும் மூன்றாவதிலோ நான்காவதிலோ வண்டி படுக்கும். ஆக்சிலேட்டரை விட்டால் கிண்ணம் மறுபடி நிறைந்து எல்லாம் சரியானதுபோல் தோன்றும். அதனால் பட்டறையில் எத்தனை முறை முறுக்கிப் பார்த்தாலும் பிடிபடாது.

20 குதிரைத்திறன் எடுக்கும் டூ ஸ்ட்ரோக் முழு முறுக்கில் நிமிடத்துக்கு 150 முதல் 200 மில்லி பெட்ரோல் குடிக்கும். குழாயைக் கார்புரேட்டரில் கழற்றி அளவுப் பாத்திரத்தில் ஒரு நிமிடம் விடுங்கள். 400 மில்லியாவது விழாவிட்டால் நான் அந்த டேப்பை வைத்து ஓட மாட்டேன். அளக்கும்போது டேங்க் மூடி மூடியிருக்கட்டும், ஓடும்போது இருக்கும் அளவு பெட்ரோல்தான் டேங்கில் இருக்கட்டும். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டிலும் சேராமல், நினைத்தபோது தட்டினால் அது ஒயர். இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சின் ஒயரை ஆட்டிப் பாருங்கள், எர்த் பிடித்திருக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

கடைசி நூறு மீட்டரில் மூச்சு முட்டுகிறது

கியரிங்காக இருக்கலாம். பவரின் உச்சியைச் சற்றே தாண்டியதும் கோடு வர வேண்டும். அதற்கு முன்பே ஆர்பிஎம் தீர்ந்துபோனால் கியரிங் குறைவு. கோட்டைத் தாண்டும்போதும் உச்சியைத் தொடவில்லை என்றால் கூடுதல். பின்னால் 40 பல் என்றால் ஒரு பல்லுக்கு 2.5 சதவீதம், முன்னால் 14-ஐ 15 ஆக்கினால் 7 சதவீதம். முன்னால் ஒரு பல் ஏறக்குறையப் பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். நுணுக்கத்தைப் பின்னால் செய்யுங்கள்.

சீஸ்

இதைப் பற்றித்தான் நான் நிறைய சொல்ல வேண்டும்.

ஒரு டிசம்பர் அதிகாலை. முந்தைய மதியம் அருமையாக ஓடிய வண்டி. 30-க்கு 1 என்று கலந்துகொண்டிருந்த ஆயிலைப் பத்திரத்துக்காக 20-க்கு 1 ஆக்கினேன், ஜெட்டைத் தொடவில்லை. பாதித் தூரம் தாண்டியதும் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. இடது கையின் இரண்டு விரல் கிளட்ச் லீவர் மேல் இருந்ததால் பிழைத்தேன். அந்த இரண்டு விரலை ஓட்டம் முழுக்க அங்கேயே வையுங்கள், கியர் மாற்றாத நேரத்திலும்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜெட் வழியாகப் போவது ஆயிலும் பெட்ரோலும் சேர்ந்த கலவை. ஆயில் கூடினால் அதே ஜெட்டில் பெட்ரோல் குறையும். 30-க்கு 1-ல் பெட்ரோலின் பங்கு 96.8 சதவீதம், 20-க்கு 1-ல் 95.2. ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் லீன். அதோடு மதியம் 35 டிகிரியில் ஜெட் பிடித்த வண்டியை 22 டிகிரியில் ஓட்டினேன், காற்றின் அடர்த்தி நாலரை சதவீதம் கூடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆறு சதவீதம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஆயிலைக் கூட்டியது காப்பாற்றும் என்று நினைத்தது தப்பு. அதுவும் சேர்ந்துதான் பிடித்தது.

சீஸ் ஆன பிஸ்டனைக் கோபத்தில் தூக்கி எறியாதீர்கள். அதில் எழுதியிருக்கிறது.

எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறலும் உருகிய பூச்சும் இருந்தால் சூடு: லீன் கலவை, முன்னேறிய டைமிங், அல்லது சைலன்சரின் கடைசிக் குழாய் குறுகலாகி வெப்பம் தேங்குவது. சுற்றிலும் நான்கு இடத்தில் கோடு விழுந்திருந்தால் குளிர்ந்த இன்ஜினை உடனே முறுக்கியிருக்கிறீர்கள்; பிஸ்டன் விரிந்த வேகத்துக்கு ஸ்லீவ் விரியவில்லை, அல்லது போர் போட்டவர் இடைவெளியை மிக இறுக்கமாக விட்டிருக்கிறார். இன்டேக் பக்கம் கீறல் என்றால் ஆயில் போதவில்லை. தலையில் ஓரமாக மணல் அடித்ததுபோல் பொடிப் பள்ளங்கள் இருந்தால் வெடித்து எரிந்திருக்கிறது, அதாவது டெட்டொனேஷன். நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் பொறிக்கு முன்பே பற்றியிருக்கிறது, பிளக் சூடான வகையாக இருக்கலாம். என்ஜிகே பிளக்கில் எண் கூடக்கூடக் குளிர்ச்சி: 8-ஐவிட 9, 9-ஐவிட 10. ரேஸ் இன்ஜினுக்கு 9-லிருந்து தொடங்குங்கள்.

டைமிங்கைக் கண் மதிப்பில் வைக்காதீர்கள். பிளக் துளையில் டயல் கேஜ் வையுங்கள். 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 100 மில்லிமீட்டர் கனெக்டிங் ராடு என்றால், பிஸ்டன் உச்சிக்கு 20 டிகிரி முன்னால் 1.9 மில்லிமீட்டர் கீழே இருக்கும். உங்கள் ராடின் நீளத்தை அளந்து உங்கள் கணக்கைப் போடுங்கள். ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஓரத்து இடைவெளியை ஈயக் கம்பி வைத்து நசுக்கி அளங்கள்: பிஸ்டன் பின் போகும் திசையில் இரண்டு பக்கமும் கம்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் பிஸ்டன் சாய்ந்து தப்பான அளவு வரும். இந்த அளவு இன்ஜின்களில் நான் 0.9 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை.

சீஸ் வரும் முன்பே பிளக் சொல்லும். புதுப் பிளக் போட்டு முழுத் தூரம் முழு முறுக்கில் ஓடி, கோட்டைத் தாண்டியதும் கிளட்சைப் பிடித்து அந்தக் கணமே இன்ஜினை அணையுங்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தால் பார்ப்பது ஐடிலின் நிறம்தான். பீங்கானின் முனையைப் பார்த்து ஏமாறாமல், லென்ஸ் வைத்து உள்ளே அடிவாரத்தில் உள்ள வளையத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய காப்பி நிற வளையம் இருந்தால் நல்லது. வளையமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் மெயின் ஜெட்டைக் கூட்டுங்கள். பீங்கான் மேல் மிளகுத்தூள் மாதிரிப் புள்ளியோ வெள்ளி மினுக்கமோ தெரிந்தால் பிஸ்டன் கரைந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு இனி ஓடாதீர்கள்.

காலையில் ஓடியது, மதியம் ஓடவில்லை

என் டிசம்பர் கதையைத் திருப்பிப் போட்டால் இது. 25 டிகிரியிலிருந்து 40-க்குப் போனால் காற்றின் அடர்த்தி 5 சதவீதம் குறைகிறது. காலையில் சரியாக இருந்த ஜெட் மதியம் ரிச், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் கூடுதல். பிளக் கறுக்கும், மேல் ஆர்பிஎம்மில் "பொறபொற" என்று சத்தம் வரும். சென்னைக்கு அருகே கடல் மட்டத்தை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் ஜெட் பிடித்துவிட்டு, சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போனாலும் இதேதான். காற்றழுத்தம் நாலரை சதவீதம் அளவுக்குக் குறையும். ரிச்சாக ஓடினால் நேரம்தான் போகும், லீனாக ஓடினால் இன்ஜின் போகும். புது இடத்தில் எப்போதும் பெரிய ஜெட்டிலிருந்து கீழே இறங்கி வாருங்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் எரிவதற்குக் காற்று குறைவாகப் போதும், அதனால் பழைய ஜெட் இன்று லீன். பத்து வருடத்துக்கு முந்தைய நோட்டில் உள்ள மெயின் ஜெட் எண்ணை நம்பி ஓடாதீர்கள், ஒன்றிரண்டு அளவு மேலே தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி நிற்கவையுங்கள். எத்தனால் தண்ணீரோடு போய்விடும். அடியில் உள்ள அடுக்கு 28 மில்லிக்கு அருகில் வந்தால் 20 சதவீதம். ஆயில் கலக்காத பெட்ரோலில் செய்யுங்கள், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். மழைக்காலத்தில் பாதி காலியான கேனை நாள்கணக்கில் வைத்திருந்தால் ஈரத்தை இழுத்து அடியில் தனியே பிரியும்; அந்தக் கேனை வண்டிக்கு ஊற்ற வேண்டாம்.

மேல் வேகத்தில் ஹேண்டில் உதறுகிறது

முன்பக்கத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் "டக்" என்று உட்கார்ந்தால் ஸ்டீயரிங் கப்பில் குண்டு அழுத்திய பள்ளம். கப்பும் குண்டும் மாற்றுங்கள். சக்கரங்கள் நேர்கோட்டில் இருக்கின்றனவா, ஸ்விங் ஆர்ம் புஷ் ஆடுகிறதா, முன் டயரில் காற்று குறைந்ததா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் உதறினால் உங்கள் கையைப் பாருங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பவரின் தோள் நடுக்கம் சக்கரத்துக்குப் போகிறது. முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்த்துங்கள்.

கோட்டைத் தாண்டியும் ஆக்சிலேட்டர் திரும்பவில்லை

கிளட்சைப் பிடியுங்கள், கில் சுவிட்சை அணையுங்கள், அப்புறம் பிரேக். இந்த வரிசையைக் கை யோசிக்காமல் செய்ய வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஐம்பது முறை பழகுங்கள்.

காரணம் அநேகமாகக் கேபிள். ஹேண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பி இரண்டு பக்கமும் முறுக்கி விடுங்கள். "டப்" என்று ஸ்லைடு கீழே அடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். மண் புகுந்த ஸ்லைடு, முறுக்கிழை பிரிந்த கேபிள், கைப்பிடியின் ரப்பர் நகர்ந்து சுவிட்ச் பெட்டியில் உரசுவது, இந்த மூன்றையும் ஒவ்வொரு போட்டி நாள் காலையிலும் பாருங்கள். மணிக்கட்டில் கட்டும் கில் கயிற்றை இன்ஜின் ஓடும்போது இழுத்துச் சோதியுங்கள். இன்ஜின் உடனே நிற்காவிட்டால் வண்டியைக் கோட்டுக்குத் தள்ளிப்போகாதீர்கள்.